இருட்டறைச் சித்திரக்காரர்கள்

மொன்றியால் நகரத்தைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பகுத்துக்கொண்டு செல்லும் சென் லோரான் வீதி, வெகுகாலமாக இரண்டு பாஷைகளுக்கு நடுவிலுள்ள வரப்பாகவே கருதப்பட்டு வந்தது. கிழக்கே பிரெஞ்சு பேசுவோரும் மேற்கே ஆங்கிலம் பேசுவோரும் நிலைத்துவிட, இவ்விரு தரப்பிலும் சேராத யூதர்களும் போர்த்துக்கீசியரும் இன்னும் எங்கெங்கிருந்தோ கப்பலேறி வந்தவர்களும் அந்த வரப்பின் மீதே குடியேறினார்கள். அவ்வீதியில் ஷ்வார்ட்ஸ் என்ற பெயரோடு 1928 முதல் நடந்துவரும் ஒரு சாப்பாட்டுக்கடை உண்டு. புகையூட்டிய மாட்டிறைச்சிக்குப் பேர்போன அக்கடையின் வாசலில், இடம் கிடைப்பதற்காக வரிசையில் நிற்பவர்களிடம், சென்ற நூற்றாண்டின் இறுதி வருஷங்களில் மெலிந்த தேகமும் மூக்குக்கண்ணாடியும் உடைய ஒரு மனிதர் சில்லறை யாசித்துக்கொண்டிருந்தார். இரவில் அவர் படுத்துறங்கியது வீடற்றோருக்கான ஒரு தர்ம விடுதியில். ரயன் லார்க்கின் என்ற அந்த மனிதர் முப்பது வருஷங்களுக்கு முன் வரைந்த ஐந்து நிமிஷச் சித்திரப்படம் ஒன்று ஆஸ்கார் பரிசுக்குரிய இறுதிப் பட்டியல் வரையில் சென்றது என்பதை, அவர் கையில் காசு போட்டவர்களில் எத்தனை பேர் அறிந்திருக்கக் கூடும்?

அவருடைய வாழ்க்கையைத் தனியாக எடுத்துச் சொன்னால் அது குடியால் கெட்ட கலைஞன் ஒருவனின் கதையாகச் சுருங்கிப்போகும். அப்படிப்பட்ட கதைகளுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை. அவரை உருவாக்கிய ஸ்தாபனத்தின் சரித்திரத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான், மனித மனத்தின் ஏகாந்தத்தையும் பேதலிப்பையும் அசையும் சித்திரங்களால் காட்டும் ஒரு கலை அந்நகரத்தில் எப்படி வேரூன்றியது என்பதும், அந்த ஏகாந்தம் படங்களின் விஷயமாக ஆவதற்கு வெகு முன்பே அவற்றைச் செய்யும் முறையில் குடிகொண்டிருந்தது என்பதும் விளங்கும்.

1939-ஆம் வருஷம் மே மாதத்தில் கனடாவின் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தினால் தேசியத் திரைப்பட வாரியம் தோன்றியது. ஜான் கிரியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதன் முதல் தலைவர். யுத்தம் மூண்டுவிட்ட சமயமாதலால், சேமிப்புப் பத்திரம் வாங்குங்கள், வாயைக் கட்டுங்கள் என்று பிரஜைகளுக்கு உபதேசிக்கும் படங்கள் அவசரமாக வேண்டியிருந்தன. அந்த வேலைக்காக 1941-ல் நியூயார்க்கிலிருந்து வரவழைக்கப்பட்டவர்தாம் நார்மன் மக்லாரன், அவரும் ஸ்காட்லாந்துக்காரரே. அக்காலத்தில் அமெரிக்கச் சித்திரப்படக் கூடங்களில் வேலை ஒரு பெரிய ஆலையில் நடப்பதுபோல் நடந்து வந்தது: முக்கியமான நிலைகளை ஒருவர் வரைவார், அவற்றுக்கு இடைப்பட்ட அசைவுகளை வேறொருவர் நிரப்புவார், மையிட ஒரு கூட்டம், வர்ணம் பூச இன்னொரு கூட்டம், இறுதியில் படம்பிடிப்பவர். நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து ஓர் எலியைச் சிரிக்க வைத்தார்கள். மக்லாரனிடம் அத்தனை ஆட்களும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே அவர் காமிராவையே ஒதுக்கிவிட்டு, வெறும் பிலிம் சுருளின்மீது பேனாவினாலும் தூரிகையினாலும் நேராக வரைந்தார். 1943-ல் அவரைச் சுற்றி ஒரு சிறு பிரிவு அமைந்தபோதும், ஒரு படம் ஒருவரின் கையிலிருந்தே பிறக்க வேண்டும் என்ற நியதியை அவர் கைவிடவில்லை. சிக்கனத்தினால் வந்த முறை சித்தாந்தமாயிற்று.

ஒருவரே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்னும்போது அவர் வேலை செய்யும் இடமும் மாறிவிடுகிறது. ஜன்னலை மறைத்து இருட்டாக்கிய அறை, மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் காமிரா, அதன்கீழ் வெளிச்சமிட்ட ஒரு மேஜை; ஒரு விநாடிக்கு 24 பிம்பங்கள் தேவை, ஒவ்வொன்றையும் இரண்டு முறை பிடித்தாலும் 12 சித்திரங்கள் வேண்டும். ஐந்து நிமிஷப் படத்துக்கு அது எத்தனை ஆயிரமாகிறது என்று வாசகரே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். சர்க்கார் மாதச் சம்பளம் கொடுத்தது. அவசரப்படுத்த வியாபாரி இல்லை. ஆகையால் மாதங்கள் வருஷங்களாக ஒரு மனிதர் தம்முடைய கையோடும் தம்முடைய நிழலோடும் மாத்திரமே சகவாசம் செய்துகொண்டிருக்க முடிந்தது. உலகத்தில் வேறெந்த அரசாங்கமாவது இவ்வளவு தாராளமாகத் தனிமையை விலைக்கு வாங்கிக் கலைஞர்களுக்கு வழங்கியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இதே வாரியம் மனோவியாதியைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய படங்களையும் எடுத்தது. ஆனால் அவை சித்திரப்படங்கள் அல்ல. யுத்தம் முடிந்தபின், சுகாதார இலாகாவுக்காக, மொன்றியாலில் மக்கில் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆலன் நினைவு மனோவைத்திய நிலையத்தின் ஒத்துழைப்போடு, மனத்தின் இயக்கங்களை விளக்கும் ஒரு வரிசை தயாராயிற்று. 1947-ல் ராபர்ட் ஆண்டர்சன் எடுத்த 'தி ஃபீலிங் ஆஃப் ரிஜெக்ஷன்' அவற்றுள் முதலாவது: காரணம் தெரியாத தலைவலியோடு வைத்தியரிடம் வரும் ஓர் இளம்பெண், குழந்தைப் பருவத்தில் ஒதுக்கப்பட்ட பயத்தினால் யாருக்கும் 'மாட்டேன்' என்று சொல்லத் தெரியாதவளாக வளர்ந்துவிட்டாள் என்பதை நடிகர்களைக்கொண்டு காட்டிய படம். விரோத உணர்ச்சி, பிறரைச் சார்ந்திருத்தல், மனச்சோர்வு என்று வரிசை 1950 வரை நீண்டது. நல்ல நோக்கமுடைய படங்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு குரல் அருகே நின்று வியாக்கியானம் செய்துகொண்டே இருக்கும், நோயாளியை நாம் வெளியிலிருந்து, வைத்தியரின் நாற்காலியிலிருந்துதான் பார்ப்போம். அந்த நாற்காலி எவ்வளவு பயங்கரமானது என்பது பின்னால் தெரிய வந்தது. ஆலன் நிலையத்தின் முதல் டைரக்டரான ஈவன் கேமரன் 1950-களில், அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் மறைமுகமான பொருளுதவியையும் பெற்று, நோயாளிகளை நாள்கணக்கில் மயக்கத்தில் வைத்து ஒலிப்பதிவு நாடாவில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தும் மின்னதிர்ச்சி கொடுத்தும் நடத்திய பரிசோதனைகளில் எத்தனையோ பேர் தங்கள் ஞாபகத்தையே இழந்தார்கள். 1992-ல் கனடா சர்க்கார் அவர்களில் 77 பேருக்கு நஷ்டஈடு வழங்கியது. மனத்தை உள்ளேயிருந்து பார்க்கும் வேலை அதே நகரத்தில், இருட்டறைகளில், யாரும் அதற்கு வைத்தியம் என்று பெயரிடாமலே நடந்துகொண்டிருந்தது.

மக்லாரனின் படங்களில் அது வேடிக்கை வேஷத்தில் நுழைந்தது. 1952-ல் வெளிவந்த 'நெய்பர்ஸ்' என்ற படத்தில், இரண்டு வீடுகளுக்கு நடுவே பூத்த ஒரே ஒரு பூவுக்காக அண்டை வீட்டார் இருவர் ஒருவரையொருவர் கொன்றே போடுகிறார்கள். உயிருள்ள நடிகர்களைப் பொம்மைகளைப்போல் ஒவ்வொரு பிம்பமாக நகர்த்திப் படம்பிடித்திருப்பதால், அவர்கள் மனிதர்கள்தாமா என்ற ஐயம் எழும்பும். 1957-ல் வந்த 'எ சேரி டேல்' அதைவிட நுட்பமானது. ஒருவன் உட்கார்ந்து படிக்க விரும்புகிறான். நாற்காலி இடங்கொடுக்க மறுக்கிறது. துரத்தியும் அதட்டியும் கெஞ்சியும் பயனில்லை. கடைசியில் அவனே முழந்தாளிட்டு நாற்காலியைத் தன்மீது அமரச் செய்த பிறகுதான் அது இணங்குகிறது. இதற்கு வாசித்தவர் நம் ரவிசங்கர், தபலா சதுர்லால். வார்த்தையே இல்லாத அந்தப் பத்து நிமிஷத்தில் மனிதனுக்கும் மரத்துக்கும் நடக்கும் சம்பாஷணையை நடத்திச் செல்வது சிதாரும் தபலாவுந்தான் என்பதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அந்நியப்பட்டு நிற்கும் இரு ஜீவன்கள் சமரசம் காணும் இப்படத்தை எடுத்தவரே, 1983-ல் முடித்த தம் கடைசிப் படத்தில், தன் பிம்பத்தின்மேல் மோகங்கொண்ட நார்ஸிஸஸ் என்ற கிரேக்க இளைஞன் இறுதியில் கம்பிகளுக்குப் பின்னால் அடைபட்டு நிற்பதாகக் காட்டினார் என்பது சிந்திக்கத்தக்கது.

1956-ல் வாரியம் ஒட்டாவாவை விட்டு மொன்றியாலுக்கு வந்தது. ஆனால் நகரத்தின் நடுவே அல்ல, கோத் டி லியஸ் என்ற புறவழி நெடுஞ்சாலையின் ஓரத்தில், கார் இல்லாதவர் எளிதில் போய்ச்சேர முடியாத ஒரு பெரிய கட்டடத்துக்கு. 1960-களின் தொடக்கத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் லார்க்கின். மொன்றியால் நுண்கலைக் கூடத்துப் பள்ளியில் சித்திரம் பயின்றவர். 1958-ல் ஒரு படகு விபத்தில் அண்ணன் மூழ்கியபோது பதினைந்து வயதுப் பிள்ளையாக அருகிலிருந்தும் காப்பாற்ற இயலாமற்போனதன் சுமையைக் கடைசிவரை இறக்கி வைக்காதவர். மக்லாரன் அவருடைய கையைக் கண்டுகொண்டார். 1965-ல் 'சிரின்க்ஸ்' என்ற சிறு படத்தைக் கரித்துண்டால் வரைந்து முடித்த அவருக்கு, பின்னர் ஒரு படத்துக்காக நெடிய அவகாசம் கிடைத்தது. 1968-ல் 'வாக்கிங்' வெளிவந்தது.

அப்படத்தில் கதை இல்லை; மனிதர்கள் நடக்கிறார்கள், அவ்வளவே. தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கும் ஒருவன், இடுப்பை வெட்டி நடக்கும் ஒருத்தி, துள்ளிச் செல்லும் சிறுவன், உடல் பாரத்தைக் காலுக்குக் கால் மாற்றி அசைந்துவரும் வயோதிகர் என்று, நீர்வர்ணத்திலும் வெறும் கோட்டிலும் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள், போகிறார்கள். அவர்களில் எவரும் மற்றொருவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இதை உல்லாசமான படம் என்று புகழ்ந்தவர்கள் பலர். எனக்கோ, ஜன்னலண்டை வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவன் வீதியைப் பார்க்கும் பார்வையாகவே அது படுகிறது; அத்தனை பேரின் நடையையும் மனப்பாடம் செய்துவிட்டவன் அவர்களில் ஒருவரோடும் பேசியதாகத் தெரியவில்லை. 1972-ல் அவர் எடுத்த 'ஸ்ட்ரீட் மியூஸிக்' தெருப்பாடகர்களைப் பற்றியது. அதற்குப்பின் அவர் முடித்துக்கொடுத்த படம் எதுவுமில்லை. கொக்கெயினும் பிறகு மதுவும் வந்தன. வரைய வேண்டிய காகிதம் வெறுமையாகவே கிடந்தது. 1978-ல் வாரியத்தை விட்டு வெளியேறினார். சம்பளத்துக்கு வரைந்த சித்திரங்கள் சர்க்காரின் சொத்து. அவர் கொண்டுபோனது தம்முடைய கையை மாத்திரமே.

அவர் வெளியேறிய அந்தப் பத்தாண்டில்தான் வாரியத்தின் இருட்டறைகள் மிகச் செழிப்பாக இருந்தன என்பது விதியின் விளையாட்டு. அலெக்ஸீஃப், கிளேர் பார்க்கர் தம்பதிகள் பாரிஸில் கண்டுபிடித்த ஊசிப்பலகை ஒன்றை வாரியம் 1972-ல் வாங்கியது. வெள்ளைப் பலகையில் 2,40,000 துளைகள், ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் நகரும் ஓர் ஊசி. பக்கவாட்டிலிருந்து விளக்கு வைத்தால், வெளியே நீண்ட ஊசியின் நிழல் நீண்டு பலகை கறுக்கும், உள்ளே தள்ளினால் வெளுக்கும். இந்த நிழல்களைக்கொண்டே ழாக் துரூவேன் 1976-ல் ஒரு படம் சமைத்தார்: வெட்டவெளியில் நின்று இயற்கைக் காட்சி தீட்டிக்கொண்டிருந்த ஓர் ஓவியன் தான் தீட்டிய படத்துக்குள்ளேயே காலெடுத்து வைத்து, அங்கே தன் ஞாபகங்களில் அலைந்துவிட்டுத் திரும்புகிறான். அமெரிக்காவிலிருந்து வந்த கரோலின் லீஃப், கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடிமேல் மணலைப் பரப்பி விரல்களால் கூட்டியும் விலக்கியும் 1977-ல் காஃப்காவின் பூச்சியான மனிதனைப் படமாக்கினார். நம் வீடுகளில் வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும்: மணலில் அடுத்த நிலையை உண்டாக்க முந்தின நிலையை அழித்தே ஆக வேண்டும்; பிழை நேர்ந்தால் திரும்பிப் போக வழியில்லை. ஆமதாபாத்திலிருந்து அங்கே சென்ற குஜராத்திக்காரரான இஷு பட்டேல், ஆயிரக்கணக்கான பாசிமணிகளை நகர்த்தி, ஜீவராசிகள் ஒன்றையொன்று விழுங்குவதையும் மனிதர் சண்டையிடுவதையும் 'பீட் கேம்' என்ற பெயரில் காட்டியதும் அதே 1977-ல்தான்.

லீஃபின் 'தி ஸ்ட்ரீட்' 1976-ல் வந்தது. மோர்டிகாய் ரிஷ்லரின் கதை. சென் லோரானுக்குப் பக்கத்து வீதியில் வாழும் யூதக் குடும்பத்தில் ஒரு பாட்டி சாகக் கிடக்கிறாள், அவள் போனால் அந்த அறை தனக்குக் கிடைக்கும் என்று பேரன் காத்திருக்கிறான். வீட்டுக்குள்ளேயே அந்நியமாகிப்போன ஒரு கிழவியின் இருப்பு, கண்ணாடிமேல் ஈரம் காயாத வர்ணம் கலங்கிக் கலங்கி ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குப் பாயும்போது, நம் கூட்டுக்குடும்பத்துத் திண்ணைகளை எனக்கு நினைவூட்டிற்று. ஆனால் அவருடைய படங்களில் தலைசிறந்தது 1990-ல் முடிந்த 'டூ ஸிஸ்டர்ஸ்' என்றே கருதுகிறேன். 70 மில்லிமீட்டர் பிலிமின் வர்ணப்பூச்சை ஊசிமுனையால் சுரண்டிச் சுரண்டி, இருட்டிலிருந்தே உருவங்களைத் தோண்டி எடுத்த படம் அது. முகம் விகாரப்பட்ட ஓர் எழுத்தாளி, ஒரு தீவில், இருண்ட வீட்டில், தன்னைக் காப்பாற்றும் சகோதரியோடு வசிக்கிறாள். காப்பது எங்கே முடிகிறது, சிறை வைப்பது எங்கே தொடங்குகிறது என்று சகோதரிகள் இருவருக்குமே தெரியாது. அவளுடைய நூல்களைப் படித்த ஓர் அந்நியன் கடலை நீந்திக் கடந்து வருகிறான், கதவு திறக்கிறது, வெளிச்சம் உள்ளே விழுகிறது. அந்த வெளிச்சம் பிலிமைச் சுரண்டியதால் உண்டான காயம் என்பதை அறிந்த பிறகு பார்த்தால், மனநோயைப் பற்றி எத்தனையோ படங்கள் சொல்ல முயன்று தோற்றதை இது சொல்லாமலே செய்துவிட்டது என்று தோன்றும்.

1990-களில் சர்க்கார் செலவைக் குறைக்கத் தொடங்கிற்று; நிலையான உத்தியோகங்கள் சுருங்கின. நல்ல படங்கள் நின்றுவிடவில்லை. 1999-ல் வெண்டி டில்பியும் அமாண்டா ஃபோர்பிஸும் எடுத்த 'வென் தி டே பிரேக்ஸ்', முன்பின் அறியாத ஒருவர் தெருவில் விபத்தில் மாண்டதைக் கண்ட ஒரு பெண் பன்றி, வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு தவிப்பதைக் காட்டியது. மிஷெல் கூர்னோயே அவ்வருஷமே 'தி ஹாட்' என்ற படத்தில், பால்யத்தில் சீரழிக்கப்பட்ட ஒரு நர்த்தகியின் நினைவுகளை வெறும் கறுப்பு மையில், ஒரு தொப்பியின் உருமாற்றங்களாகவே வரைந்தார்.

2000-ல், ஒட்டாவாவில் நடக்கும் சர்வதேச அனிமேஷன் விழாவின் தேர்வுக் குழுவுக்கு லார்க்கினை அழைத்துப்போனவர் அதன் பொறுப்பாளர் கிரிஸ் ராபின்ஸன். வீதியிலிருந்தே அழைத்துப்போனார் என்று சொல்லலாம். அதே குழுவில் இருந்த கிரிஸ் லாண்ட்ரெத், எஞ்ஜினீயராயிருந்து கம்ப்யூட்டர் சித்திரத்துக்கு வந்தவர். அவர் தம் சகாவோடு செய்த சம்பாஷணைகளை ஒலிப்பதிவு செய்து, அக்குரல்களின்மேல் உருவங்களைக் கட்டி, 2004-ல் 'ரயன்' என்ற பதினான்கு நிமிஷப் படத்தை வெளியிட்டார். ஒரு பழைய உணவு விடுதி. அதில் லார்க்கின் அமர்ந்திருக்கிறார். ஆனால் அவருடைய தலையில் பாதிக்குமேல் இல்லை. மூக்குக்கண்ணாடியும் கொஞ்சம் மயிரும் முகத்தின் ஒரு துண்டும் வெறுமையில் தொங்குகின்றன. கோபம் வந்தால் சிவந்த முட்கள் கிளம்புகின்றன. லாண்ட்ரெத் தம்மையும் விட்டுவைக்கவில்லை: குடியை நிறுத்தும்படி அவர் லார்க்கினுக்குப் புத்தி சொல்லும்போது, சொல்கிறவரின் தலைக்குமேல் ஒரு ஒளிவட்டம் பளிச்சிடுகிறது. அவருடைய தாயார் பார்பரா குடியினால் சீரழிந்து இறந்தவர். படம் அவருக்குச் சமர்ப்பணம். உள்ளத்தின் நிலையை உடம்பின்மேல் பிரத்தியட்சமாகக் காட்டும் இம்முறைக்கு மனோயதார்த்தம் என்று பொருள்படும் பெயரையும் அவரே சூட்டினார். லார்க்கினின் பழைய தோழியும், வாரியத்தின் ஆங்கிலச் சித்திரப் பிரிவுக்குத் தலைமை வகித்திருந்த டெரெக் லாம்பும்கூட இப்படத்தில் வந்து பேசுகிறார்கள். இந்த லாம்ப்தான் முன்னொரு காலத்தில் ஹார்வர்டில் கரோலின் லீஃபுக்கு மணலைக் கையில் கொடுத்த வாத்தியார்.

2005-ல் ஆஸ்கார் 'ரயன்' படத்துக்குக் கிடைத்தது. அதன் திறமையில் எனக்கு அபிப்பிராய பேதமில்லை. ஆயினும் ஒவ்வொரு காயத்தையும் அது கையால் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறது, 1947-ன் வைத்தியரது நாற்காலி எங்கோ ஓரத்தில் இன்னும் போட்டபடியே இருக்கிறது என்று பார்க்கும்போதெல்லாம் தோன்றுகிறது. அந்தப் படத்தைப் பற்றி லாரன்ஸ் கிரீன் எடுத்த 'ஆல்டர் ஈகோஸ்' என்ற டாகுமெண்டரியில், லார்க்கின் தம்மைப் பற்றிய படத்தை முதன்முதலாகப் பார்க்கிறார். அவர் முகத்தில் அப்போது தெரிவது சந்தோஷமல்ல. பிறருடைய நடையைத் தலைகுனிந்து வரைந்துகொண்டிருந்தவர், தம்மைப் பிறர் வரைந்ததைக் கண்டபோது கூசிப்போகாமல் என்ன செய்வார்?

ஆனாலும் அந்தக் கூச்சம் ஏதோ ஒன்றைக் கிளறிவிட்டது. அவர் குடியை விட முயன்றார்; 2006-ல் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்காகச் சில விநாடிகளே ஓடும் சிறு துண்டுகளை வரைந்து கொடுத்தார்; தம் பிச்சையெடுப்பையே பொருளாகக்கொண்டு 'ஸ்பேர் சேஞ்ச்', அதாவது சில்லறைக் காசு, என்ற படத்தைத் தொடங்கினார். 2007 பிப்ரவரி 14-ந் தேதி புற்றுநோயால் இறந்தபோது படம் பாதியில் நின்றது. இசைக்காரரும் தயாரிப்பாளருமான லாரி கோர்டன், அவர் விட்டுச்சென்ற சித்திரங்களையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு, வேறு சித்திரக்காரர்களைச் சேர்த்து 2008-ல் அதை முடித்தார். ஒருவர் கையாலேயே பிறக்க வேண்டும் என்ற மக்லாரனின் நியதியில் வளர்ந்தவருடைய கடைசிப் படம், இவ்வாறு பல கைகளால் நிறைவெய்தியது.

வாரியம் 2019-ல் அந்தப் பழைய நெடுஞ்சாலைக் கட்டடத்தை விட்டு, நகரத்தின் மத்தியில் புதிதாக எழும்பிய ஒரு மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்து கிழக்கே சற்றுத் தூரம் போய் சென் லோரானில் திரும்பி வடக்கே சென்றால், ஷ்வார்ட்ஸ் கடைவாசலுக்கு நடந்தே போய்விடலாம்.